டயருக்குள் பால்

ஜனவரி 18: வேளாங்கண்ணி – அதிராம்பட்டினம்

காலை ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பினோம், நானும் என் மனைவியின் தம்பியும். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் என்னை அத்தான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். மூன்று மாதமாக எங்களுக்குள் ஒரே வழக்குதான். சைக்கிளில் நெடும்பயணம் போக டியூப் உள்ள டயர் நல்லதா, டியூப்லெஸ் நல்லதா? பேசித் தீரவில்லை. சரி, ஆளுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு கடலோரமாகவே குமரி மாவட்டம் வரை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

என் வண்டியில் 38 மில்லிமீட்டர் டயர், உள்ளே சாதாரண டியூப், மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வ். அவன் வண்டியில் 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ், பென்சில் முனை போல மெலிந்த பிரெஸ்டா வால்வ். டியூபுக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு 80 மில்லி சீலன்ட் ஊற்றியிருக்கிறான். பார்க்க எருக்கம்பால் மாதிரி இருக்கும், அதனால் எங்கள் பேச்சில் அது 'பால்'. ஓட்டை விழுந்தால் காற்றோடு பீய்ச்சிக்கொண்டு வந்து, ஓட்டையிலேயே உறைந்து அடைத்துவிடும். என் பையில் இரண்டு உபரி டியூப், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுப் பட்டைகள். அவன் பையில் ரப்பர் திரி, அதை ஓட்டைக்குள் செருகும் ஊசி, 100 மில்லி பால் பாட்டில், ஒரே ஒரு டியூப். அந்த ஒன்றும் நான் வற்புறுத்தியதால் வந்தது.

வாடைக்காற்று முதுகைத் தள்ளியது. தை மாதத்தில் தெற்கு நோக்கி ஓட்டுவதன் சுகம் இது. திருத்துறைப்பூண்டி வரை இருபுறமும் சம்பா அறுவடை. ஒரு கடையில் பொங்கலும் இரண்டு வடையும் 65 ரூபாய். நாங்கள் கேட்காமலேயே, "சைக்கிள் மிதிக்கிற பிள்ளைங்க" என்று இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார் பரிமாறிய அம்மா. அதற்குக் காசு வாங்கவில்லை.

இன்று பஞ்சர் இருவருக்கும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டது. நான் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று வைத்திருந்தேன். குறைத்தால் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். அவனுக்கு நசுங்க டியூபே இல்லை, அதனால் 40 வைத்திருந்தான். முத்துப்பேட்டைக்கு முன்னால் ஒரு பெயர்ந்த சாலையில் என் உள்ளங்கை மரத்துப்போனது. அவன் பேசிக்கொண்டே வந்தான்.

ஜனவரி 19: அதிராம்பட்டினம் – தொண்டி

85 கிலோமீட்டர். கட்டுமாவடி தாண்டியதும் என் பின்சக்கரம் தளர்ந்தது. எடுத்துப் பார்த்தால் தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த ஒரு கம்பி. லாரி டயர் வெடிக்கும்போது அதற்குள்ளிருக்கும் எஃகு இழைகள் சாலையோரத்தில் சிதறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் குத்தும்.

பக்கத்திலேயே பஞ்சர் கடை இருந்ததால் நானே ஒட்டவில்லை. அந்த அண்ணன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி வரும் இடத்தைப் பிடித்தார், துடைத்தார், தேய்த்தார், சொல்யூஷன் தடவி ஊதினார், ஒட்டினார். பத்து நிமிடம், 30 ரூபாய். அவருக்குக் கருவி தேடத் தேவையில்லை, யோசிக்கவும் தேவையில்லை. இந்தக் கரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். டியூபின் பலம் பாதி அதற்குள் இல்லை, இந்தக் கைகளில்தான் இருக்கிறது என்று மச்சினனிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல சரி அத்தான்" என்றான்.

மதியம் மணமேல்குடியில் மீன்குழம்புச் சாப்பாடு, 130 ரூபாய். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். தொண்டியில் அறை 800 ரூபாய். கொசு அதிகம்.

ஜனவரி 20: தொண்டி – ராமநாதபுரம்

ஐம்பது கிலோமீட்டர்தான். மதியச் சாப்பாட்டுக்கு ராமநாதபுரம் போய்விடலாம் என்று நினைத்தோம். போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை.

இந்த மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேலம். கண்மாய்க்குள், வயலுக்குள், வீட்டுக் கொல்லைக்குள்ளும் அதுதான். வெட்ட வேண்டும் என்று 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கே ஏராளம். விறகு ஏற்றிய டிராக்டர் போகும்போது சிறு கிளைகள் சாலையோரத்தில் உதிரும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது ஒன்றுமில்லை. சைக்கிள்காரன் ஓட்டுவது அந்த ஓரத்தில்தான்.

தேவிபட்டினம் வருவதற்குள் எனக்கு மூன்று பஞ்சர், தாண்டிய பிறகு மூன்று. நான்காவதுக்கு மேல் நிழல்கூடத் தேடவில்லை, அப்படியே சாலையில் உட்கார்ந்தேன்.

முள்ளை எடுப்பதில்தான் பஞ்சர் வேலையின் பாதி இருக்கிறது. டியூபை ஒட்டிவிட்டு, டயரில் நிற்கும் முள்முனையை விட்டுவிட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். சீமைக்கருவேல முள் வெளியே ஒடிந்துவிடும், முனை மட்டும் ரப்பருக்குள் புதைந்திருக்கும். விரலால் தடவினால் விரல் போகும். ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் சுற்றி இழுப்பேன். முனை இருந்தால் ஓர் இழை மாட்டி நிற்கும். அந்த இழையைப் பார்த்து, இடுக்கியால் பிடித்து இழுத்தால், ஒரு மிளகளவு கறுப்பு முனை வரும். ஆறு முறையும் இதையே செய்தேன்.

அவன் வண்டியிலும் முள் ஏறாமல் இல்லை. டயரைச் சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். ஒரு முள்ளை என் கண்முன்னால் பிடுங்கினான். உஸ்ஸென்று பால் பீய்ச்சியது. சக்கரத்தைச் சுற்றி ஓட்டை தரையைப் பார்க்கும்படி வைத்தான், பால் அங்கே வந்து சேரட்டும் என்று. நாலைந்து குமிழி வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவன் பிடுங்கவும் இல்லை, முள்ளை மட்டத்தோடு ஒடித்துவிட்டு ஓட்டினான். "முள்ளே அடைப்பாயிருது அத்தான், ஏன் நோண்டணும்?"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதைப் பார்த்து நின்றுவிட்டார். "டயருக்குள்ள பால் ஊத்தியிருக்கீகளா?" என்று கேட்டு, விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். அவர் காலில் போட்டிருந்தது பழைய டயரை வெட்டித் தைத்த செருப்பு. அடியில் ஏழெட்டு முள் ஒடிந்து நின்றது. அவரும் பிடுங்காமல்தான் நடக்கிறார்.

இன்று இரவு எழுதும்போது ஒப்புக்கொள்கிறேன். இந்த மண்ணில் டியூப்லெஸ் ஜெயித்துவிட்டது.

ஜனவரி 21: ராமநாதபுரம் – சாயல்குடி

கீழக்கரையில் தொதல் வாங்கினோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. கால் கிலோ 100 ரூபாய். கடைக்காரர் முதலில் ஆளுக்கு ஒரு துண்டு வாயில் போடச் சொல்லிவிட்டுத்தான் எடை போட்டார்.

ஏர்வாடி தாண்டிப் பத்து கிலோமீட்டர் இருக்கும். எதிரே பஸ் வந்ததால் மச்சினன் சாலையை விட்டு மண்ணில் இறங்கினான். உடைந்த பாட்டில் ஒன்று கிடந்திருக்கிறது. டப்பென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் அவன் கெண்டைக்காலெல்லாம் வெள்ளை. பின்டயரின் பக்கச்சுவரில், சுண்டுவிரல் நகத்தளவு கீறல்.

பால் இதை அடைக்காது. ரப்பர் திரி செருகினான், காற்று வைத்ததும் திரி வெளியே வந்தது. இரண்டு திரி சேர்த்துச் செருகினான், அதுவும் வந்தது. டயரின் நடுப்பகுதி தடிப்பாக இருக்கும், திரியைக் கவ்விப் பிடிக்கும். பக்கச்சுவர் துணி போல மெலிந்தது, ஓடும்போது மடங்கி மடங்கி நிமிர்வது. அங்கே திரி நிற்பது அபூர்வம்.

தள்ளிக்கொண்டு போய் ஒரு மோட்டார் பைக் பஞ்சர் கடையைப் பிடித்தோம். டியூப்லெஸ் பஞ்சர் அவர்களுக்குத் தினப்படி வேலைதான். ஆனால் அவர் கையிலிருந்த துளையூசி பைக் டயருக்கானது, சுண்டுவிரல் பருமன். "தம்பி, இது தாள் மாதிரி இருக்கு. குத்துனா கிழிஞ்சிரும்" என்று முதலிலேயே சொன்னார். மச்சினன்தான் கேட்கவில்லை. குத்தினார், கிழிந்தது. அவர் காசு வாங்க மறுத்து, பழைய லாரி டியூபில் ஒரு சதுரம் வெட்டிக் கொடுத்தார், கிழிசலுக்கு உள்பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லி.

சரி, டியூப் போட்டுவிடலாம் என்று டயரைக் கழற்றினோம். பால் ஒட்டி இறுகியிருந்ததில் ஒரு பக்கத்தைப் பிரிக்கவே கால்மணி நேரம். உள்ளே மிச்சமிருந்த பால் திரிந்த தயிர் போல இருந்தது. வழித்துக் கொட்டினோம், சதுரத்தை வைத்தோம், அவனுடைய அந்த ஒற்றை டியூபைப் போட்டுக் காற்றடித்தோம். சந்தோஷமாகக் கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, சக்கரம் தரையில்.

மறுபடி பிரித்தேன். பஞ்சை எடுத்து உள்ளே ஓட்டினேன். ஒரு சாண் நகர்வதற்குள் பஞ்சு முழுக்க இழை இழையாகப் பிய்ந்துவிட்டது.

நேற்று அவன் ஒடித்துவிட்டு ஓட்டிய முள்ளெல்லாம் உள்ளே நின்றது. முந்தைய நாட்களின் கம்பித் துணுக்கும்கூட. பால் ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்னக் கொப்புளம் போல உறைந்திருந்தது. டியூப் இல்லாதவரை அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. டியூப் போட்டதும் ஒவ்வொன்றும் ஓர் ஊசி. வேலியோரம் உட்கார்ந்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, துண்டில் அடுக்கினோம். 23. அவன் ஒன்றும் பேசாமல் எண்ணிக்கொண்டே இருந்தான். டியூபில் நான்கு ஓட்டை. நான்கையும் ஒட்டிவிட்டுக் கைப்பம்பால் அடிக்கும்போது, அவசரத்தில் பம்ப் ஆடி, வால்வின் அடிவாரத்தில் டியூப் கிழிந்தது. அந்த இடத்தில் ஒட்டவே முடியாது.

என்னிடம் உபரி டியூப் இருந்தது. ஆனால் தடித்த வால்வ். அவன் ரிம்மில் உள்ள துளை பிரெஸ்டாவுக்கானது, ஆறரை மில்லிமீட்டர் இருக்கும். என் வால்வுக்கு எட்டரை வேண்டும். இரண்டு மில்லிமீட்டர். மூன்று மாதம் வாதாடியதில் இந்த இரண்டு மில்லிமீட்டரைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

தண்ணீர் கேன் ஏற்றி வந்த குட்டியானைக்காரர் ஒருவர் எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டார். சாயல்குடியில் இறக்கிவிட்டு 200 ரூபாயைக் கையில் திணித்தபோது, "டீ குடிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைத்தெருவில் ஒரு பழைய சைக்கிள் கடை. எழுபது வயது இருக்கும் அந்த ஐயாவுக்கு. ரிம்மை வாங்கிப் பார்த்தார், என் டியூபை வாங்கிப் பார்த்தார், பெட்டிக்குள்ளிருந்து எலிவால் அரத்தை எடுத்தார். மடியில் ரிம்மைச் சாய்த்துக்கொண்டு துளைக்குள் அரத்தை விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை வால்வை வைத்துப் பார்ப்பார். அலுமினியத் தூள் வேட்டியில் மின்னியது. துளை சரியானதும் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. உப்புத்தாளைத் தீக்குச்சியில் சுற்றி, துளையின் விளிம்பை உள்ளும் புறமும் வழவழப்பாக்கினார். "பிசிறு இருந்தா டியூபை அறுத்துரும்ல" என்றார். நாற்பது நிமிட வேலைக்கு 50 ரூபாய் கேட்டார். நூறாகக் கொடுத்தோம், ஐம்பதைத் திருப்பித் தந்தார்.

பால் விஷயம் முழுவதையும் அவரிடம் சொன்னோம். துண்டில் முடிந்து வைத்திருந்த முட்களையும் காட்டினான் மச்சினன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல சாமான்தான். ஆனா குத்துனது தெரியாம வச்சுக்கிருதே."

ஜனவரி 22: சாயல்குடி – தூத்துக்குடி

வேம்பாரில் சுக்குக் கருப்பட்டிக் காபி, பத்து ரூபாய். ஒரு பாட்டி அவித்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார், கட்டு 50. நார் உரித்து, நடுவிலிருக்கும் குருத்தை நீக்கி, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மச்சினனுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

மிதிக்க மிதிக்கக் கணக்குப் போட்டேன். இதுவரை எனக்கு ஏழு பஞ்சர். ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவனுக்கு ஒரே ஒரு கோளாறு. அதற்கு நேற்று ஐந்து மணி நேரம். என்னுடையது சில்லறைச் செலவு, அவனுடையது மொத்தமாக வரும் செலவு. நேரத்தை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் என் மூன்று மணி நேரத்திலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த ஐந்து மணி நேரத்தில் பாதி, என்ன செய்வதென்று தெரியாமல் போனது.

அதற்காக டியூப்லெஸ்ஸை விடச் சொல்லமாட்டேன். அவன் நேற்று பட்டது டியூப்லெஸ்ஸால் அல்ல, டியூப்லெஸ்ஸிலிருந்து டியூபுக்கு மாறும் வழியைச் செப்பனிட்டு வைக்காததால். மாறும் நாள் எப்படியும் ஒருநாள் வரும். பக்கச்சுவர் கிழியும், அல்லது பால் வற்றும். ஆகவே டியூப்லெஸ் போடுகிறவர்கள் கிளம்பும் முன்பே ரிம் துளையைத் தடித்த வால்வுக்கு அகட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவிலும் டியூப்லெஸ் வால்வ் கிடைக்கிறது. அகலமான ரிம் என்றால் பயமில்லை, ஒல்லியான ரிம்மில் செய்ய வேண்டாம். இடுக்கி எடுத்துப் போங்கள். தினமும் சாயங்காலம், டயரில் நிற்கும் முள்ளைப் பிடுங்கி, பாலை அடைக்க விடுங்கள். பிடுங்கினால் காற்றுப் போகுமே என்று விட்டுவைக்காதீர்கள். ஐந்து நிமிட வேலை.

தூத்துக்குடி அறையில் அவனுடைய முன்சக்கரத்தைக் குலுக்கிப் பார்த்தோம். களக்களக் சத்தம் வரவேண்டும், வரவில்லை. அக்டோபரில் ஊற்றிய பால். நம் வெயிலுக்கு மூன்று மாதத்தில் உள்ளே தோலாகப் படிந்துவிட்டது. வால்வின் உள்ளூசியைக் கழற்றிப் பாட்டிலில் இருந்ததை ஊற்றினான். இதற்கு டயரைப் பிரிக்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

இரவு பரோட்டா, சால்னா. ஊருக்கு எடுத்துப்போக மக்ரூன்.

ஜனவரி 23, 24: திருச்செந்தூர், கன்னியாகுமரி

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டது. திருச்செந்தூர் சாலை முழுக்கப் பச்சை உடுத்தியவர்கள், வெறுங்காலோடு. ஆத்தூர்ப் பக்கம் ஒரு பையன் சாலையோரம் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். முள். டயருக்கு வைத்திருந்த இடுக்கியைக் கழுவி, மருந்து தடவி, எடுத்துவிட்டேன். அவன் அப்பா என் கையைப் பிடித்து, "முருகன்தான் அண்ணாச்சிய அனுப்பிருக்கான்" என்றார். கையை உடனே விடவில்லை. எனக்குப் பேச வரவில்லை.

மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி. காற்று இப்போது பக்கவாட்டில். எனக்கு இரண்டு பஞ்சர், அவனுடைய டியூப் போட்ட பின்சக்கரத்தில் ஒன்று, டியூப்லெஸ் முன்சக்கரத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அதிலிருந்து மட்டும் சாயங்காலம் ஐந்து முள் பிடுங்கினான்.

ஜனவரி 26: குலசேகரம்

நேற்று நாகர்கோவில், தக்கலை வழியாக இங்கே வந்தோம், மச்சினனின் நண்பர் வீட்டுக்கு. சுற்றிலும் ரப்பர் தோட்டம். பயணம் இங்கே முடிய வேண்டும் என்பது அவன் ஆசை.

இன்று காலை ஐந்தரைக்கு, இருட்டோடு தோட்டத்துக்குள் போனோம். பால் வெட்டும் அக்கா ஒருவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்தார். கத்தியால் பட்டையில் ஒரு மெல்லிய சீவல், சாய்வாக. வெள்ளைக் கோடு கிளம்பி, சரிவில் ஓடி, சிரட்டையில் சொட்டியது. மச்சினன் விரலில் தொட்டு முகர்ந்தான். "அத்தான், அதே வாசம்தான், அந்தக் காரம் மட்டும் இல்லை."

அந்தக் காரம் அமோனியாவினுடையது. சைக்கிளுக்கு விற்கும் பாட்டில்களில் பலவற்றில் அதுதான் பாலை உறையாமல் வைக்கிறது. இதைச் சக்கரத்தில் ஊற்றினால் என்ன ஆகும் என்று அக்காவிடம் கேட்டான். அவர் சிரிக்கவில்லை, யோசித்துப் பதில் சொன்னார். "இப்பிடியே ஊத்தினா நாளைக்கே கட்டியாயிரும் மக்களே. அமோனியா சேர்த்தாத்தான் நிக்கும். ஆசிட் விட்டா ரப்பர் ஷீட்டு."

அடுத்த மரத்துக்கு அவர் பின்னாலேயே போனோம். வெட்டுவதற்கு முன்னால், போன தடவை வெட்டிய கீறலில் உறைந்து ஒட்டியிருந்த பாலை நகத்தால் நெம்பி, ஒரே நாடாவாக உரித்தார். ஒட்டுப்பால், அதற்கும் விலை உண்டு என்றார். மரம் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொண்ட இடம் அது. உரித்த பிறகுதான் புதிய சீவல் போட முடியும், புதுப் பால் வரும்.

நாடாவைக் கூடையில் போடப் போனவர், மச்சினன் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு அவன் கையில் கொடுத்தார். அவன் அதை இழுத்துப் பார்த்தான். நீண்டு, விட்டதும் சுருண்டுகொண்டது. இடுக்கி வைத்திருக்கும் பைக்குள், அந்த 23 முள்ளோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.